ஓரத்தில் எழுதிய வரி

பிப்ரவரி 9

அன்புள்ள சின்னவளுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கக் கூச்சமாக இருக்கிறது. பதினோரு வருஷம் கேட்காதவள் இன்று கேட்டால் நீ சிரிப்பாய். இருந்தாலும் கேட்கிறேன். நலமா? உன் வீட்டுக்காரர் இன்னும் பஸ் ஓட்டுகிறாரா, இல்லை அந்த முதுகுவலி அவரை உட்கார வைத்துவிட்டதா? மகள் படிப்பை முடித்திருப்பாள். அவள் முகத்தை மனசில் கொண்டுவரப் பார்க்கிறேன், எட்டு வயசு முகம்தான் வருகிறது.

இந்தக் கடிதத்தை நீ பிரிக்கவே மாட்டாய் என்று உன் அத்தான் பந்தயம் கட்டியிருக்கிறார். பிரிப்பாள் என்று நான் சொன்னேன். மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டைக்கூட மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு மூடுகிறவள் நீ. கையில் கிடைத்த எழுத்தைப் படிக்காமல் வைக்க உன்னால் முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு வார இதழில், "மனதை விட்டுப் போகாத வரி" என்று வாசகர்களிடம் கேட்டிருந்தார்கள். படித்த புத்தகங்களில் எந்த வரி கூடவே வருகிறது, ஏன் வருகிறது என்று எழுதச் சொன்னார்கள். முந்நூறு கடிதத்துக்கு மேல் வந்ததாம். அதில் நாற்பத்தாறு பேர் ஒரே வரியை எழுதியிருக்கிறார்கள். எந்த வரி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் மூன்றாவது நாவலில் அக்கா வந்து சேர்கிற இடம். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், தங்கை கதவைத் திறக்கிறாள். "அவள் கேட்டது உன்னை. போய் நின்றது நான்."

ஆசிரியர் அந்த நாற்பத்தாறு கடிதத்தையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த வரி எப்படிப் பிறந்தது என்று நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். மார்ச் பத்துக்குள் வேண்டுமாம்.

கூட்டங்களில் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் ஒரு பதில் வைத்திருக்கிறேன். "அது தானாக வந்தது" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன். அதற்கும் கைதட்டுவார்கள். தானாக எதுவும் வரவில்லை. நான் எழுதியதில் அந்தத் தங்கை வாயே திறப்பதில்லை, அக்காவின் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறாள், அவ்வளவுதான். அந்த இரண்டு வாக்கியமும், அச்சகத்தில் பிழை திருத்தக் கொடுத்த புரூஃபின் ஓரத்தில் நீ எழுதியது. அது அந்தத் தங்கை அக்காவிடம் சொன்னது இல்லை, நீ என்னிடம் சொன்னது.

இதை எழுதவா வேண்டாமா என்று உன்னைக் கேட்காமல் நான் முடிவு செய்ய மாட்டேன். ஒரு தடவை உன்னைக் கேட்காமல் செய்ததே போதும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அம்மா என்னைக் கேட்டாள் என்பதே எனக்கு அந்த வரியைப் படித்துத்தான் தெரியும். எப்படிக் கேட்டாள், என்ன சொன்னாள் என்று நான் உன்னிடம் விசாரித்ததே இல்லை. பயம். இப்போது எனக்கு ஐம்பத்தெட்டு. பயப்பட்டது போதும் என்று தோன்றுகிறது.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன்,
பெரியவள்


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

அத்தானிடம் பந்தயத்தில் தோற்றுவிட்டார் என்று சொல். கடிதம் வந்த அன்றே பிரித்தேன். இரண்டு இடத்தில் உனக்குச் சொல் விட்டுப்போயிருக்கிறது. திருத்தி வைத்திருக்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். அவர் போன வருஷம் வேலையிலிருந்து நின்றுவிட்டார். இப்போது வீட்டில் உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிற பஸ்ஸெல்லாம் எத்தனை நிமிஷம் தாமதம் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மகள் வேலைக்குப் போகிறாள். நான் அதே அச்சகம், அதே நாற்காலி. கம்ப்யூட்டர் வந்துவிட்டது, எழுத்துக் கோக்கிற மேஜைகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். கதைப் புத்தகம் எதுவும் நான் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள், ரயில் நேர அட்டவணை இவ்வளவுதான். ரயில் அட்டவணையில் ஒரு எண் தப்பினால் ஒருவன் ரயிலை விட்டுவிடுவான். நாவலில் தப்பினால் யாருக்கும் எதுவும் ஆவதில்லை என்று நினைத்துத்தான் இந்தப் பக்கம் வந்தேன். ஆகாமல் இல்லை என்று உன் துணிப்பை சொல்கிறது.

நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். சிவப்புப் பென்சில் அச்சகத்தில் திருத்த வேண்டியதற்கு. நீலப் பென்சில் உனக்கு மட்டும் சொல்வதற்கு. நீ முதல் புத்தகம் எழுதிய நாளிலிருந்து நம் இருவருக்கும் அதுதான் ஏற்பாடு. "இந்தப் பெண் மூன்றாவது தடவையாக அழுகிறாள், கண்ணுக்கு ஆகாது" என்று நான் நீலத்தில் எழுதுவேன். எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டருக்கும் தெரியும், நீலத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அந்தப் பக்கத்தில் மட்டும் சிவப்பு கையில் இருந்தபடியே எழுதிவிட்டேன். அம்மா போய் இருபது நாள்தான் ஆகியிருந்தது. எந்தப் பென்சில் என்று பார்க்கிற நிலையில் நான் இல்லை. அவர் பாவம், சிவப்பைக் கண்டதும் கோத்துவிட்டார். அந்த இடத்தில் ஒட்டுத் தெரியாமல் உட்கார்ந்தும் விட்டது.

அவர் செய்தது தப்பு இல்லை, நான் செய்தது கைத்தப்பு. கடைசி புரூஃப் உன்னிடம் வந்ததே, நீ பார்த்தாயே, கையெழுத்துப் போட்டு அனுப்பினாயே, அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. உனக்கு மட்டும் சொன்னதை ஊருக்கெல்லாம் விற்றாய். புத்தகம் கடையில் தொங்குவதைப் பார்த்தேன், பஸ்ஸில் ஒரு பெண் மடியில் வைத்துக்கொண்டு படிப்பதைப் பார்த்தேன். அவள் அந்தப் பக்கத்துக்கு வந்துவிடுவாளோ என்று என் நிறுத்தத்துக்கு முன்பே இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகுதான் இனி உன் புரூஃப் என்னிடம் வர வேண்டாம் என்று உனக்கு அஞ்சலட்டை போட்டேன்.

ஒரு வரி ஏன் நிற்கிறது என்று ஆசிரியர் கேட்கிறார் அல்லவா. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், பயன்பட்டால் போட்டுக்கொள். நான் எழுத்து எழுத்தாகப் படிக்கிறவள். அர்த்தம் பார்த்தால் பிழை தப்பிவிடும், அதனால் அர்த்தத்தை உள்ளே விடுவதில்லை. அப்படியும் சில வரி என்னை நிறுத்திவிடும். எங்கே விட்டேன் என்று தேட வேண்டியிருக்கும். அந்த மாதிரி வரிகளைக் கவனித்துப் பார்த்திருக்கிறேன். அழகாக இருப்பதால் நிற்பதில்லை, அழகான வரியெல்லாம் சாயங்காலத்துக்குள் மறந்துபோகும். ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்ட வரிதான் நிற்கிறது. வாடகை நூலகத்திலிருந்து அட்டை கிழிந்த ஒரு நாவல் கொண்டுவருவோமே, பேர்கூடத் தெரியாமல் நாலு தடவை படித்தோமே, அதில் வரும்: "அவன் செருப்பு வாசலிலேயே இருந்தது." இடது பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி. அவன் எங்கே போனான் என்று கடைசிவரை வராது. அதனால்தான் நமக்கு அது நாற்பது வருஷமாகப் போகவில்லை.

என் பேரைப் போட வேண்டாம். தானாக வந்தது என்றே எழுதிவிடு. பழகிய பொய், வாய் தடுமாறாது.

அம்மாவைப் பற்றிக் கேட்காதே.

சின்னவள்


பிப்ரவரி 24

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நன்றாகக் குத்தினாய், எனக்கு வேண்டியதுதான். நீ கோபமாக எழுதினாலும் உன் கையெழுத்து கோடு போட்ட மாதிரி நேராகவே போகிறது. எனக்குத்தான் சந்தோஷமாக எழுதினாலும் சரிந்துகொண்டு போகிறது.

அதற்கு என்ன பெயர் என்று கேட்டாயே, சொல்கிறேன். கைத்தப்பு இல்லை, கவனக்குறைவும் இல்லை. கடைசி புரூஃபில் அந்தப் பக்கம் வந்தபோது நான் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தேன். உன் வரியைப் பார்த்தேன். அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் மூன்று காரணம் சொல்வேன், மூன்றும் உண்மை. அந்தப் புத்தகத்தில் நான் இட்டுக்கட்டாத வாக்கியம் அது ஒன்றுதான். அம்மா கேட்டபோது நான் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியட்டும், அதுதான் எனக்குத் தண்டனை என்றும் நினைத்தேன். மூன்றாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அது நல்ல வரி என்று எனக்குத் தெரிந்தது. அம்மா போய் இரண்டு மாசம்கூட ஆகவில்லை, அதற்குள் என் புத்தி அப்படிப் போயிற்று. தண்டனை என்று நினைத்துப் போட்டதற்குப் பரிசு கொடுத்தார்கள், அதையும் வாங்கிக்கொண்டேன்.

வாசகர் கடிதங்களில் சிலதைப் பிரதி எடுத்து இத்துடன் அனுப்புகிறேன். நீ படிக்க வேண்டும். அவர்கள் எழுதியிருப்பது உனக்குத்தான், விலாசம் மட்டும் என்னுடையது.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் துடைத்துச் சுத்தம் செய்கிற ஒரு பெண் எழுதியிருக்கிறாள். முப்பது வருஷமாக எத்தனையோ கட்டில் பக்கத்தில் நின்றிருக்கிறாளாம், அவர்கள் கூப்பிடுவது வேறு யாரையோ, போவது இவள். தன் வேலையை யாரோ ஒருவர் இரண்டு வாக்கியத்தில் எழுதி வைத்திருக்கிறார் என்று படித்த அன்று அழுதாளாம். டெலிபோன் நிலையத்தில் இணைப்புக் கொடுக்கிற அம்மா ஒருவர், "காலையிலிருந்து எல்லோரும் யாரையோ கேட்கிறார்கள், பேசுவது நான்தான்" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு உன் அத்தான் வெகுநேரம் சிரித்தார். இரண்டாம் தாரமாக வந்த ஒருத்தி, காய்ச்சலில் புருஷன் மூத்தவளின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபோது "என்னங்க" என்று தான் போய் நின்றதை எழுதியிருக்கிறாள். பேர் போடாதே என்று இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கிறாள்.

நாற்பத்தாறு பேரில் நாற்பத்தைந்து பேர் போய் நின்றவர்கள். ஒரே ஒருவர்தான் மறுபக்கம். கப்பலில் வேலை பார்த்தவர், அப்பாவின் கடைசி நாளில் கடலில் இருந்திருக்கிறார். நாவலின் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறாராம். "எனக்குத் தம்பி இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்று முடிக்கிறார். அந்தக் கடிதத்தை மட்டும் நான் பையில் திருப்பிப் போடவில்லை.

ஏனென்றால் நானும் அந்தப் பக்கத்து ஆள். நீ கேட்காதே என்றாய், நான் கேட்கத்தான் போகிறேன். திடீரென்று நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதோடு சரி என்று நீ சொன்னாய். அந்தக் கொஞ்ச நேரத்தில் என்னைக் கேட்டாளா? ஒரு தடவையா, இரண்டு தடவையா? பேர் சொல்லியா, "பெரியவ" என்றா? பதினோரு வருஷமாக இதை நானே விதவிதமாக எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நான் எழுதியது எதையும் என்னால் நம்ப முடியவில்லை. நடந்தது எனக்கு வேண்டும். உன்னைத் தவிர யாரிடம் போய்க் கேட்பேன்?

உன்,
பெரியவள்


மார்ச் 2

அக்காவுக்கு,

நீ அனுப்பிய கடிதங்களை அச்சகத்துக்குக் கொண்டுபோய் மதியச் சாப்பாட்டு வேளையில் படித்தேன். ஆஸ்பத்திரியில் துடைக்கிற அந்த அம்மாவின் கடிதத்தோடு நிறுத்திவிட்டேன். மத்தியானம் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இருபத்தாறு வருஷத்தில் நான் வேலையைப் பாதியில் விட்டு வந்தது அன்றுதான். அவர் பதறிப்போய் உடம்புக்கு என்ன என்று கேட்டார். பதினோரு வருஷமாக அவரிடமும் சொல்லாததை அன்று அவரிடம் சொன்னேன். முதலில் அவர் நம்பவில்லை. பிறகு எழுந்து வெளியே போய்விட்டார், இருட்டுவதற்குள் திரும்பி வந்து, "அவங்களுக்கு எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன்.

திடீரென்று எதுவும் நடக்கவில்லை. அம்மாவைச் சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். போனது வியாழக்கிழமை காலையில். நடுவில் நாலு முழு நாள் இருந்தது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். அந்த நாலு நாளும் அவளுக்கு நினைவு இருந்தது. நாலு நாளும் உன்னைக் கேட்டாள்.

உன் ஊரிலிருந்து ரயில் ஒன்பது மணி நேரம். தந்தி கொடுத்திருந்தால் மறுநாள் காலையில் நீ கட்டில் பக்கத்தில் இருந்திருப்பாய். நான் கொடுக்கவில்லை. தந்தி ஆபீஸுக்கு ஞாயிற்றுக்கிழமை போனேன், படிவத்தை நிரப்பினேன், வரிசையில் நின்றேன், கவுண்டர் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை மறுபடியும் போனேன். மறுபடியும் திரும்பி வந்தேன். தந்தி கொடுத்தாயிற்று என்று இவரிடம் சொன்னேன். அதனால்தான் சாவுத் தந்தி கிடைத்து நீ வந்த அன்று இவர் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தந்தி கிடைத்தும் வராமல் இருந்துவிட்டாய் என்று பதினோரு வருஷமாக உன்மேல் மனசில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஏன் என்று கேட்பாய். இருபதாம் தேதிவரை தொந்தரவு செய்யாதே, முன்பகுதி அச்சகத்துக்குப் போய்விட்டது, மீதி நாவலை முடிக்கிறேன் என்று நீ எழுதியிருந்தாய். அதைச் சாக்காகச் சொல்லலாம். அது காரணம் இல்லை. அம்மாவைக் குளிப்பாட்டியது நான், மலஜலம் அள்ளிப் போட்டது நான், பக்கத்துக் கட்டில்காரி, "இந்த மாதிரி பொண்ணு கிடைக்குமா" என்று சொல்வாள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே, "பெரியவ எப்ப வரா?" என்பாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் உன்னை விட்டுவிட்டு என்னைக் கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. கேட்டபிறகு தந்தி கொடுக்கலாம் என்று நினைத்தேன். நான் பக்கத்திலேயே இருந்தேன், அவள் என்னை எதற்குக் கேட்கப் போகிறாள். இந்தச் சின்ன விஷயம் எனக்கு அன்று உறைக்கவில்லை. புதன்கிழமை சாயங்காலத்தோடு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

இருபது நாள் கழித்து உன் புரூஃப் வந்தது. அந்தப் பக்கத்தில் தங்கைக்காரி ஒன்றும் சொல்லாமல் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறாள். எனக்குத் தாங்கவில்லை. பழியைத் தூக்கி உன் தலையில் போட்டால் எனக்கு இறங்கும் என்று நினைத்து எழுதினேன். இரண்டு வாக்கியமும் பொய் இல்லை, அதுதான் அதில் மோசம். மூன்றாவதாக ஒரு வாக்கியம் இருக்கிறது, அதை எழுதவில்லை. "உனக்குச் சொல்லாமல் விட்டதும் நான்."

சொல்லாமல் விட்ட வரிதான் நிற்கிறது என்று போன கடிதத்தில் உனக்குப் பெரிதாகப் பாடம் எடுத்தேனே, எதை வைத்துச் சொன்னேன் என்று இப்போது தெரிந்திருக்கும். அந்த வரியில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. நாற்பத்தாறு பேர் உள்ளே வந்து நின்றுகொண்டார்கள். அந்த இடத்தைக் காலி செய்து வைத்திருந்தவள் நல்லவள் என்று நினைத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரி அம்மா அழுதிருக்கிறாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

அச்சில் போட்டுவிட்டாய் என்று உன்னிடம் கோபித்துக்கொண்டதும் பாதி நடிப்புத்தான். பேச்சு இருந்தால் ஒருநாள் நீ கேட்பாய், கேட்டால் நான் சொல்ல வேண்டிவரும். பேச்சே இல்லாமல் செய்துவிட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. அந்த ஒரு பக்கத்தில் நீ என்ன எழுதினாலும் எனக்குச் சம்மதம்.

சின்னவள்


மார்ச் 21

சின்னவளுக்கு,

உடனே பதில் எழுதவில்லை. இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உன்னை நாக்கில் நரம்பில்லாமல் பேசியிருந்தேன். இன்னொன்றில் போனால் போகட்டும் என்று பெருந்தன்மையாக எழுதியிருந்தேன், அது அதைவிட மோசம். இரண்டும் உனக்கு வேண்டாம்.

நாலு நாள். ஒன்பது மணி நேர ரயில். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். தந்தி கொடுத்திருந்தாலும் இந்த அக்கா நாவலை முடித்துவிட்டுத்தான் வந்திருப்பாள் என்று நீ ஒருவேளை உன்னைச் சமாதானம் செய்துகொண்டிருக்கலாம். நானும் அதை யோசித்துப் பார்த்தேன், இருபதாம் தேதி என்று எழுதியவள்தானே என்று. இல்லை. நான் வந்திருப்பேன். எழுதியதை மேஜையிலேயே போட்டுவிட்டு அடுத்த ரயிலுக்கு வந்திருப்பேன். இதை மறைத்து உனக்கு ஆறுதல் சொன்னால் நானும் ஒரு வாக்கியத்தை விட்டவளாகிவிடுவேன், அதனால் எழுதுகிறேன். என் அம்மாவை என்னிடம் காட்டாமல் அனுப்பிவிட்டாய். எனக்குக் கோபம் இருக்கிறது, அது எப்போது போகும் என்று எனக்குத் தெரியவில்லை.

இதழுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்பதாம் தேதியே கொடுத்தேன். அந்த வரி என்னுடையது இல்லை, புரூஃப் பார்த்த என் தங்கை எனக்கென்று ஓரத்தில் எழுதியது, அவளைக் கேட்காமல் அச்சில் விட்டேன், பதினோரு வருஷம் என்னுடையது என்று நடித்தேன் என்று எழுதியிருக்கிறேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். நீ எனக்கு எழுதியது எனக்கு மட்டும்தான். இந்தத் தடவை அடிக்கவேண்டியதை அடிக்கத் தெரிந்துகொண்டேன். புது அச்சில் மூன்றாவது வாக்கியத்தையும் சேர்க்க மாட்டேன். அது நம் இருவருக்குள் இருக்கட்டும். அந்த இரண்டு வாக்கியத்துக்குள் வந்து நின்றவர்கள் பாட்டுக்கு நிற்கட்டும், அவர்கள் சொன்னது அவர்கள் மட்டில் நிஜம்.

வா என்று எழுத இப்போது முடியவில்லை. வராதே என்றும் முடியவில்லை.

ஆனால் ஒன்று கேட்பேன், இதை நீ எனக்குத் தர வேண்டும். அந்த நாலு நாளும் உன்னிடம் இருக்கிறது, என்னிடம் ஒன்றுமே இல்லை. எழுதி அனுப்பு. அம்மா எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தாள், என்ன குடித்தாள், யாரைப் பார்த்துச் சிரித்தாள், என்னைக் கேட்டபோது என்ன சொல்லிக் கேட்டாள், அதற்கு நீ என்ன சொன்னாய். எனக்கு வலிக்கும் என்று எதையும் குறைக்காதே. அழகாக எழுத வேண்டாம். எந்தப் புத்தகத்திலும் இதில் ஒரு எழுத்து வராது, இது அம்மாமேல் ஆணை.

பெரியவள்


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு கடிதத்துக்கு ஒரு நாளாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை.

காலை ஆறரைக்கு அம்மா விழித்தாள். விழித்ததும், "பெரியவ எப்ப வரா?" என்றாள். எட்டாவது கட்டில், ஜன்னலை ஒட்டி. உடம்பு சூடு இல்லை, கால் மட்டும் வீங்கியிருந்தது. வெந்நீரில் துணி நனைத்து முகம், கழுத்து, கை துடைத்தேன். மூக்குக்கண்ணாடி எங்கே என்றாள். வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். "எதையும் பார்க்க விடாம வச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அரை டம்ளர் பால் குடித்தாள். வலது பக்கம் சாய்ந்துதான் படுத்தாள், இடது பக்கம் மூச்சு வாங்கியது.

பக்கத்துக் கட்டில்காரியிடம் உன்னைப் பற்றிச் சொன்னாள். "என் பெரிய பொண்ணு புத்தகம் எழுதுறா" என்றாள். எத்தனை புத்தகம் என்று அவள் கேட்க, அம்மா என்னைப் பார்த்தாள். இரண்டு, மூன்றாவது வருகிறது என்று நான்தான் சொன்னேன். "தப்பு இல்லாம வரும், இவ பாக்குறா" என்றாள் அம்மா. அப்படி என்னைப் பற்றியும் சொன்னாள். இத்தனை வருஷம் அது எனக்கு நினைவுக்கே வரவில்லை, உனக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் வந்தது.

பத்து மணிக்கு டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பிள்ளைகள் யாராவது வெளியூரில் இருந்தால் சொல்லிவிடுங்கள் என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். தந்தி ஆபீஸுக்குப் போனேன். திரும்பி வந்தேன். வந்து உட்கார்ந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கேட்டாள்.

"பெரியவளுக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேம்மா."

"கெளம்பிட்டாளா?"

"வந்துட்டே இருக்கா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. ஜன்னல் பக்கமாகப் படுத்திருந்தால் நீ வருவது தெரியாது என்று, கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னாள். ஆயாவைக் கூப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேருமாகக் கட்டிலை வாசல் பார்க்கத் திருப்பிப் போட்டோம்.

சின்னவள்